பிள்ளையை மருத்துவ ஆய்வில் சேர்க்கக் கேட்டால்: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் நகரின் நெருக்கமான தெருக்களில் வாழும் குடும்பங்களுக்கும், குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆற்காடு பக்கங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து மருத்துவமனையில் சீட்டு வாங்கிக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு கேள்வி என்றாவது வரக்கூடும். “உங்கள் குழந்தையை ஒரு ஸ்டடியில் சேர்க்க விருப்பமா?” என்று கையில் சில தாள்களுடன் ஒருவர் கேட்பார். சில வீடுகளுக்குப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே, தாய் கர்ப்பமாக இருக்கும்போதே, இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அப்போது எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், சேர்ந்த பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவில், மருத்துவம் சாராத பொதுநபர் என்ற இடத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். புதிய மருந்தையோ தடுப்பூசியையோ மனிதர்களிடம் சோதிக்கும் எந்த ஆய்வும் இத்தகைய குழு ஒன்றின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி அக்குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாகவும், சட்டம் அறிந்த ஒருவர், ஒரு பெண், ஒரு பொதுநபர் ஆகியோரை உள்ளடக்கியும் அது அமைய வேண்டும். பெற்றோரிடம் கொடுக்கவிருக்கும் தமிழ்த் தாளைப் படித்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தாய்க்கு இது விளங்குமா என்று சொல்வதையே என் வேலையாக எடுத்துக்கொண்டேன். ஒரு தாளில், “குழந்தைகள் ஏனோதானோவென்று இரு பிரிவுகளில் சேர்க்கப்படுவார்கள்” என்று இருந்தது. குலுக்கல் முறையில் பிரிப்போம் என்பதே அவர்கள் சொல்ல வந்தது. அந்தத் தாளை அப்படியே படிக்கும் தாய், தன் குழந்தையை அக்கறையில்லாமல் நடத்தப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பாள். அதைத் திருத்தச் சொன்னோம், திருத்தினார்கள். ஆனாலும் உங்கள் கைக்கு வரும் தாள் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அதனால்தான் கேள்விகளை நீங்களே கையில் வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இங்குள்ள பிள்ளைகளை ஏன் கேட்கிறார்கள்?

“எங்கள் பிள்ளைகள்தான் கிடைத்தார்களா?” என்று சிலர் கோபமாகக் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். அது நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதிலும் உண்டு. 2002, 2003ஆம் ஆண்டுகளில் வேலூரின் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் பிறந்த குழந்தைகளைச் சேர்த்து, 373 பேரை மூன்று வயது வரை களப்பணியாளர்கள் தொடர்ந்து வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். ரோட்டா வைரஸ் என்னும் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கைப் பற்றிய ஆய்வு அது. ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை இந்தக் கிருமி தொட்டுவிட்டது தெரிய வந்தது. அதைவிட முக்கியமான செய்தி வேறு. மெக்சிகோ நாட்டில் முன்பு நடந்த இதே போன்ற ஆய்வில், இரண்டு முறை கிருமி தொற்றிய குழந்தைக்கு அதன் பிறகு கடுமையான பேதி வரவில்லை. வேலூர்க் குழந்தைகளுக்கோ மூன்று முறை தொற்றிய பிறகும் 79 சதவீதப் பாதுகாப்பே கிடைத்தது. 2011இல் வெளியான இந்த முடிவின் பொருள் எளியது: வேறொரு நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நம் குழந்தைக்கும் அதே அளவில் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, இங்கே பார்த்தால்தான் தெரியும்.

பின்னர் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் 6,799 கைக்குழந்தைகளைச் சேர்த்து, இந்தியாவில் உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்தைச் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கில் பாதிக்குச் சற்று மேற்பட்டதை அது தடுக்கிறது என்ற முடிவு 2014இல் வந்தது. 2016 முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. இன்று சுகாதார நிலையத்தில் உங்கள் குழந்தையின் வாயில் விடும் ரோட்டா சொட்டுக்குப் பின்னால், கஸ்பாவின் சந்துகளில் குழந்தையின் மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக் கொடுத்த தாய்மார்களின் பொறுமையும் இருக்கிறது. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். ஆனால் இந்தப் பெருமையைக் காட்டி உங்களைச் சேரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சிகிச்சை வேறு, ஆய்வு வேறு

சிகிச்சையில் மருத்துவர் தம்மிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்தக் குழந்தைக்கு எது நல்லது என்பது. ஆய்வில் கேட்கும் கேள்வி, இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு எது நல்லது என்பது. இரண்டையும் கேட்பவர் ஒரே வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரே மருத்துவராகவும் இருக்கலாம். ஆகவே முதலில், “இது என் பிள்ளைக்கான வைத்தியமா, ஆய்வா? ஆய்வு என்றால், இதில் சேராவிட்டால் என் பிள்ளைக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்?” என்று கேளுங்கள். சேர்ந்தால்தான் நல்ல கவனிப்பு என்ற தொனி பதிலில் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, மேலும் விவரம் கேளுங்கள். சேராத குழந்தைக்கும் வழக்கமான சிகிச்சை எந்தக் குறையுமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே விதி.

ஆய்வுகளிலும் இரண்டு வகை உண்டு. எடை, உயரம் பார்ப்பது, ரத்தமும் மலமும் எடுப்பது, கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வது என்று கவனித்து மட்டும் வருவது ஒரு வகை. புதிய மருந்தோ தடுப்பூசியோ கொடுத்துப் பார்ப்பது மற்றொரு வகை. முதல் வகைக்கு ஒரு மணி நேர யோசனை போதும் என்றால், இரண்டாவதற்கு ஓர் இரவாவது தேவை.

அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேளுங்கள், மறுக்கக் கூடாது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் நின்று, அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடியையும் விட்டுவிட்டு வந்த ஒரு பெண், “டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் களைப்பில் போட்ட கையெழுத்தை முழுச் சம்மதமாக நான் எண்ணவில்லை. வீட்டில் கணவரோடும் மாமியாரோடும் பேசுங்கள். படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தாளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மறுநாள் அந்தக் கோடுகளை மட்டும் கேட்டால் போதும். அவசர சிகிச்சைப் பிரிவிலோ, பிறந்த அன்றே சேர்க்க வேண்டிய ஆய்விலோ ஓர் இரவு கிடைக்காமல் போகலாம். அப்போதும் அரை மணி நேரம் தனியே பேசிக்கொள்ளக் கேட்கத் தயங்க வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வைச் சாராத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து, அனைத்தும் வாசித்துச் சொல்லப்பட்டதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சி ஆய்வில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. உடன் வந்த அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணனோ இருக்கலாம். புதிதாக உருவான வேதிப்பொருளை மருந்தாகச் சோதிக்கும் ஆய்வில் குழந்தைகளைச் சேர்க்கும்போது, ஒப்புதல் பெறும் உரையாடலை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கேமராவைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது உங்கள் பாதுகாப்புக்கானது. கையெழுத்திட்ட தாளின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வராமல் அந்த இடத்தை விட்டு எழாதீர்கள்.

கேட்க வேண்டியவை

குலுக்கல் உண்டா என்று கேளுங்கள். மருந்துச் சோதனைகளில் எந்தக் குழந்தைக்குப் புது மருந்து, எந்தக் குழந்தைக்கு மற்றது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் தேர்ந்தெடுத்தால் நோய் முற்றிய பிள்ளைக்கு ஒன்றும் தேறிய பிள்ளைக்கு இன்னொன்றுமாகப் போய்விடும். பிறகு எது வேலை செய்தது என்று சொல்லவே முடியாது. அதனால் கணினி குலுக்கிப் போடுகிறது. பல ஆய்வுகளில் யாருக்கு எது கிடைத்தது என்பது முடியும்வரை மருத்துவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. “மற்றது” என்பது எது என்பதையும் கட்டாயம் கேளுங்கள். அது இப்போது வழக்கத்தில் உள்ள மருந்தாக இருக்கலாம், அல்லது பார்ப்பதற்கும் சுவைக்கும் மருந்து போலவே இருந்து உள்ளே மருந்து இல்லாத ஒன்றாக இருக்கலாம். ரோட்டாவேக் சோதனையில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மருந்தில்லாத சொட்டே கிடைத்தது. தடுப்பூசிக்கு அது பொருந்தலாம். ஏற்கெனவே நோயோடு இருக்கும் பிள்ளைக்கு, பலனளிக்கும் மருந்து ஒன்று இருக்கும்போது, அதை எடுத்துவிட்டு வெறும் மாத்திரையைக் கொடுப்பது ஏற்கத்தக்கதல்ல.

இதை நீண்டகால நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை ஒரு நாளும் நிறுத்த முடியாது. வலிப்புள்ள பிள்ளைக்கு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரக்கூடும். வீசிங் உள்ள பிள்ளைக்குத் தினமும் இழுக்கும் தடுப்பு இன்ஹேலரை விட்டால், அடுத்த சில வாரங்களில் மூச்சுத்திணறல் திரும்பலாம். ஆகவே, “இப்போது கொடுக்கும் மருந்தில் எதையாவது நிறுத்தச் சொல்வீர்களா, எத்தனை நாளைக்கு, அந்த நாட்களில் நோய் கூடினால் உடனே என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, பதிலைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பிள்ளையை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் வேறொருவராக இருந்தால் அவரிடம் அந்தத் தாளைக் காட்டாமல் சேர்க்காதீர்கள். புது மருந்து பிள்ளைக்கு நன்றாக வேலை செய்தால், ஆய்வு முடிந்த மறுநாளிலிருந்து அது எங்கே கிடைக்கும், யார் செலவு என்பதும் முன்கூட்டியே பேச வேண்டிய செய்தி.

இதற்கு முன் வயது வந்தவர்களிடம் சோதித்தார்களா என்பதும் நல்ல கேள்வி. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயின் கடுமையான வகைக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் செய்து 2024 டிசம்பரில் வெளியிட்ட மரபணு சிகிச்சை ஆய்வில் இடம்பெற்ற ஐந்து பேரும் வயது வந்தவர்களே. பெரியவர்களிடம் பாதுகாப்பு தெரிந்த பிறகே பிள்ளைகளிடம் வருவது பொது வழக்கம். பிள்ளைகளுக்கு மட்டுமே வரும் நோய்களில் வேறு காரணம் சொல்வார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

ரத்தம் எடுப்பதைப் பற்றித்தான் பாட்டிமார்கள் மிகவும் கலங்குவார்கள். குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு 75 முதல் 80 மில்லி வரை ரத்தம் இருக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 750 மில்லிக்குக் குறையாது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எடுத்தால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சில நாட்களில் உடல் அதை ஈடுசெய்துகொள்ளும். ஆனால் “ஒரு தடவைதான்” என்பதை மட்டும் கேட்டுத் தலையசைக்காமல், மொத்தம் எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி என்று கேளுங்கள். ரத்த சோகை உள்ள பிள்ளை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு? மருந்துச் சோதனையில் பிள்ளைக்குப் பாதிப்பு ஏற்பட்டால், அது ஆய்வினால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரையிலாவது ஆய்வு நடத்துபவர்கள் இலவசமாக மருத்துவம் பார்க்க வேண்டும். ஆய்வினால்தான் என்றால் இழப்பீடும் தர வேண்டும். பேருந்துக் கட்டணம், இழந்த கூலி ஆகியவற்றை ஈடுகட்டுவது முறை. அதற்கு மேல் பெருந்தொகை பேசினால் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளையை முன்வைத்துப் பெற்றோருக்கு ஆசை காட்டுவது நெறியல்ல.

மருந்துச் சோதனைகள் அனைத்தும் சி.டி.ஆர்.ஐ. என்னும் அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் தேடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எண் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

பிள்ளையின் வார்த்தை

ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகள். ஏழு முதல் பன்னிரண்டு வரை வாய்மொழியாக, அதன் பிறகு பதினெட்டு வரை எழுத்தில். பெற்றோர் கையெழுத்திட்டும் பிள்ளை அழுத்தமாக வேண்டாம் என்றால், அது வெறும் ஊசிப் பயம் என்று ஒதுக்காதீர்கள். மாதம் தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாப் பிள்ளைக்கு, ஊசியைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால், “எங்களுக்கு விருப்பம் இல்லை” என்ற மூன்று சொற்கள் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்துவிட்டு நடுவில் விலகவும் அதே உரிமை உண்டு. மருந்துச் சோதனையாக இருந்தால் மட்டும், திடீரென வராமல் நின்றுவிடாமல் ஒருமுறை சொல்லிவிட்டு விலகுவது பிள்ளைக்கு நல்லது, ஏனென்றால் சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, ஒப்புதல் தாளின் நகல், தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். ஆய்வு மருத்துவரின் எண்ணையும் நெறிமுறைக் குழுவின் எண்ணையும் கைப்பேசியில் மட்டும் வைக்காமல், சுவரில் மாட்டிய காலண்டரிலும் எழுதுங்கள். நள்ளிரவில் கைப்பேசி கணவரோடு வேலைக்குப் போயிருக்கும். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், பிள்ளை ஆய்வில் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

களப்பணியாளர் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உரை மருந்து உரசிக் கொடுத்ததையும், சொந்தக்காரர் சொன்ன மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுத்ததையும், இரண்டு நாள் சொட்டு விட மறந்ததையும் மறைக்க வேண்டாம். அவர் திட்டக் கூடாது. திட்டினால் அது அவர் தவறு. மறைத்தால் பிள்ளையின் உடம்பில் நடப்பதற்கு வேறு காரணம் கற்பிக்க நேரிடும்.

சொட்டு மருந்தோ தடுப்பூசியோ கொடுத்த நாட்களில் எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்பதைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1999இல் அமெரிக்காவில் முதல் ரோட்டா தடுப்பு மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். குடல் சொருகிக்கொள்ளும் அபாயம் அதில் கூடியிருந்ததே காரணம். அன்றிலிருந்து ரோட்டா மருந்துகளில் இதைக் கூர்ந்து கவனிக்கிறார்கள். ஆய்வில் சேராத குழந்தைக்கும் வரக்கூடிய கோளாறு இது என்பதால் எல்லாப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது: கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டுக் காலை மடக்கி அழும், இடையில் துவண்டு கிடக்கும், வாந்தி எடுக்கும், பிறகு ரத்தமும் சளியும் கலந்த மலம் போகும். அப்போது தொக்கம் எடுக்க அழைத்துப் போய் நேரத்தை இழக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆய்வு முடியும் நாளில், பிள்ளையின் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். எது தெரிய வந்தது என்பதை உங்களுக்குப் புரியும் தமிழில் எப்போது சொல்வார்கள் என்றும் கேளுங்கள். எடுத்த ரத்தத்தில் மிச்சத்தை உறைநிலைப் பெட்டியில் பல ஆண்டுகள் வைத்திருக்க உங்களிடம் அனுமதி வாங்கியிருந்தால், அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் கோப்பில் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை வளர்ந்து 18 வயது நிறையும்போதும் ஆய்வு தொடர்ந்து நடந்தால், ஆய்வாளர்கள் அவனிடமோ அவளிடமோ மீண்டும் சம்மதம் கேட்க வேண்டும். அன்றைக்குத் தன் கைக்குழந்தைப் பருவத்தில் என்ன எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று படித்துப் பார்த்து முடிவெடுக்க, பிள்ளைக்கு அந்தத் தாள் வேண்டும்.